பிடித்ததையே வேலையாக்குவதா, பக்கத்தில் நிற்பதா, தனியாக வைத்துக்கொள்வதா?

எனக்குப் படிக்கப் பிடிக்கும். அதனால் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்க்கும் வேலை கிடைத்தபோது, இதைவிட நமக்கு வேறென்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன். நாள் முழுக்கப் படிக்கலாம், மாதக் கடைசியில் அதற்குச் சம்பளமும் தருவார்கள்.

முதல் வாரத்திலேயே குட்டு வெளிப்பட்டது. புரூஃப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. படிக்கும்போது கண் எழுத்தைப் பார்ப்பதே இல்லை, அதைத் தாண்டிக் கதைக்குள் போய்விடுகிறது. புரூஃப் பார்ப்பவர் கதைக்குள் போனால் தொலைந்தார். ஒரு நாவலின் 40 பக்கங்களைப் பிழையே இல்லை என்று திருப்பிக் கொடுத்தேன். மூத்தவர் அதே பக்கங்களில் 11 பிழைகளைச் சுழித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். 'பள்ளி' 'பல்லி' ஆகியிருந்தது. நாலைந்து இடங்களில் ஒற்று விட்டுப்போயிருந்தது. ஒரு பாத்திரத்தின் பெயரே பாதியில் மாறியிருந்தது. "கதை நல்லா இருந்துச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

இருந்தது. அதுதான் கோளாறு.

அதற்கப்புறம் வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து, பத்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கப் பழகினேன். அப்படிப் பார்த்தால் கதை கைக்கு எட்டாது, சொல் மட்டும்தான் தெரியும். பிழைகள் குறைந்தன. கூடவே படிக்கும் ஆசையும் குறைந்தது. வீட்டில் புத்தகத்தைத் திறந்தாலும் கண் தானாகவே ல, ள, ழ என்று தேட ஆரம்பித்தது.

புத்தகம் என்ற பெயர்ச்சொல்லை வைத்து வேலையைத் தேர்ந்தெடுத்தது என் தவறு. நாள் முழுக்கச் செய்யப்போவது பெயர்ச்சொல்லை அல்ல, வினைச்சொல்லை. 'புத்தகத் துறை', 'மருத்துவத் துறை', 'கணினித் துறை' எல்லாம் பெயர்கள். திருத்துவது, விளக்குவது, காத்திருப்பது, எண்ணுவது, சமாதானப்படுத்துவது, அடுக்குவது, இதெல்லாம் வினை. விலங்குகள் பிடிக்கும் என்று சொல்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவரானால் பயந்து திமிறும் விலங்கைப் பிடித்து நிறுத்துவதும், அதன் உரிமையாளரிடம் கெட்ட செய்தி சொல்வதும் அவருடைய வேலை. பயிற்றுநரானால் ஒரே கட்டளையை நூறு தடவை அலுக்காமல் சொல்ல வேண்டும். காட்டுயிர் ஆய்வாளரானால் மணிக்கணக்கில் காத்திருந்து, பார்த்ததை எண்ணிப் படிவத்தில் நிரப்ப வேண்டும். திரும்பி வந்தபின் அந்த எண்களோடு மாதக்கணக்கில் உட்கார வேண்டும். மூன்றிலும் விலங்கு உண்டு. ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு மனிதருக்கான வேலைகள்.

உங்களுக்கு எந்த வினை?

இதைக் கண்டுபிடிக்க நாலைந்து வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதலில் கேள்வித்தாள்கள்.

விருப்பத்தை அளக்கும் கேள்வித்தாள் ஒன்றும் புதிய சரக்கல்ல. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் ஸ்ட்ராங் 1927இல் ஒன்றை வெளியிட்டார். 'இந்த வேலைக்கு நீங்கள் பொருத்தமா?' என்று அவர் நேராகக் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கான செயல்களையும் பொருள்களையும் கொடுத்து, பிடிக்கும், பிடிக்காது, இரண்டும் இல்லை என்று குறிக்கச் சொன்னார். அப்புறம் அந்த விடைகளை, ஏற்கெனவே ஒரு தொழிலில் இருப்பவர்களின் விடைகளோடு ஒப்பிட்டார். பொறியாளர்களின் விருப்பு வெறுப்போடு உங்கள் விருப்பு வெறுப்பு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதுதான் அதில் கிடைக்கும் விடை.

1959இல் ஜான் ஹாலந்து என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர் மனிதர்களையும் வேலைகளையும் ஒரே ஆறு வகைகளால் விவரிக்கும் முறையை முன்வைத்தார். கையாலும் கருவியாலும் செய்வது, ஆராய்வது, படைப்பது, மனிதருக்குக் கற்றுத்தந்து உதவுவது, பேசி இணங்கவைத்து நடத்துவது, ஒழுங்குபடுத்திப் பதிவு செய்வது. பின்னால் இந்த ஆறையும் ஓர் அறுகோணத்தின் முனைகளில் வைத்தார்கள். பக்கத்துப் பக்கத்து முனைகள் உறவுக்காரர்கள், எதிரெதிர் முனைகள் அவ்வளவாக ஒட்டாதவை. பெரும்பாலோருக்கு ஒன்று அல்ல, இரண்டு மூன்று முனைகள் சேர்ந்தே வரும். அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் ஓ-நெட் என்ற இணையத் தரவுத்தளம் இதே ஆறு வகைகளைப் பயன்படுத்துகிறது. அங்கே 60 செயல்களைக் கொண்ட ஒரு கேள்வித்தாள் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு கேள்வியும் ஒரு செயல். சுவர் எழுப்புவது பிடிக்குமா, புதிய மருந்தை உருவாக்குவது பிடிக்குமா என்ற மாதிரி. படிப்பும் சம்பளமும் எப்படியிருந்தாலும் செயலை மட்டும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள் என்கிறார்கள். நான் பார்த்ததில் காசில்லாமல் கிடைக்கும் நல்ல சரக்கு இதுதான்.

அதன் பலவீனம் எங்கே என்றால், நீங்கள் செய்தே பார்க்காத செயலுக்கும் பதில் சொல்கிறீர்கள். 'கையெழுத்துப் படிகளைத் திருத்துவது பிடிக்குமா' என்று அன்றைக்கு என்னை யாராவது கேட்டிருந்தால், மிகவும் பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு குறித்திருப்பேன்.

நான்கெழுத்தில் உங்கள் ஆளுமையைச் சொல்லும் மையர்ஸ்-பிரிக்ஸ் சோதனையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பேசிச் சிரிக்க நல்லது. ஆட்களைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை விற்கும் நிறுவனமே சொல்கிறது. 'அட, அப்படியே என்னைப் பற்றிச் சொல்கிறதே' என்று தோன்றினால், உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் செய்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை நடத்தி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு முடிவைக் கொடுத்தார். உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே காகிதம்.

கேள்வித்தாளை விட நான் நம்புவது இரண்டு வார நாட்குறிப்பை. இதற்கு அழகான நோட்டு எல்லாம் வேண்டாம். வேலையில் இருந்தாலும் படித்துக்கொண்டிருந்தாலும் வீட்டில் இருந்தாலும், செய்ததை வினையாக எழுத வேண்டும். அதற்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் உடம்பு என்ன செய்தது என்று எழுத வேண்டும். 'பிடித்தது', 'பிடிக்கவில்லை' என்று மட்டும் எழுதினால் பாதிக்குப் பாதி பொய்யாகத்தான் இருக்கும். உடம்பு பொய் சொல்லாது. என் பழைய குறிப்பிலிருந்து இரண்டு வரி:

'9.40. உள்ளடக்கப் பக்கத்தையும் அத்தியாயத் தலைப்புகளையும் ஒத்துப்பார்த்து வரிசைப்படுத்தினேன். 11 மணி ஆனது தெரியவில்லை.'

'11.10. மூன்று எழுத்தாளர்களை போனில் துரத்தினேன். இரண்டாவது அழைப்புக்கு முன்னால் தண்ணீர் குடிக்க எழுந்தேன். தாகம் இல்லை.'

அந்த 'தாகம் இல்லை'யில்தான் எல்லாம் இருக்கிறது. வரிசைப்படுத்துவது எனக்குப் பிடிக்கும் என்று அதுவரை எனக்கே தெரியாது. குறிப்பு எழுதும்போது மூன்று இடத்தில் ஏமாறுவோம். ஒன்று, முடித்த நிம்மதியைச் செய்த சந்தோஷம் என்று எண்ணிக்கொள்வது. வருமான வரிக் கணக்கை அனுப்பி முடித்ததும் மனசு லேசாகிறது. அதற்காக நமக்குக் கணக்குப் பிடிக்கும் என்று ஆகிவிடாது. இரண்டு, பாராட்டு. பிறர் மெச்சுகிற செயலை நமக்குப் பிடித்தது என்று நம்பிவிடுவது சுலபம். யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டியிருந்தாலும் செய்வீர்களா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவதுதான் மோசமான பொறி: கைவந்தது எல்லாம் பிடித்தது என்று நினைப்பது. சண்டையைத் தீர்த்துவைப்பதில் கெட்டிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லாப் பஞ்சாயத்தும் அவர்களிடமே போகும். வீட்டுக்குப் போனால் ஒரு மணி நேரம் யாரோடும் பேச மாட்டார்கள். அது அவர்களுக்குத் திறமைதான், விருப்பம் இல்லை.

வினை தெரிந்தால் மட்டும் போதாது, வினையடையும் வேண்டும். தனியாகவா, கூட்டத்திலா? நிதானமாகவா, மணி அடித்தாற்போலா? நின்றுகொண்டா, உட்கார்ந்தபடியா? முடிவு அன்றைக்கே கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, மூன்று வருடம் காத்திருப்பீர்களா? 'கற்பிப்பது' ஒரே வினைதான். ஆனால் நாற்பது பேர் முன்னால் கற்பிப்பதும், ஒரே ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பிப்பதும், கேமராவைப் பார்த்துக் கற்பிப்பதும் ஒரே ஆளுக்கு ஒத்துவராது. வேலை பிடிக்கவில்லை என்று விட்டு வந்தவர்களிடம் பேசினால், பாதிப் பேருக்கு வினை சரியாகத்தான் இருந்திருக்கும், அடைதான் இடித்திருக்கும்.

அந்த வேலையில் ஏற்கெனவே இருப்பவரிடம் கேட்பது இன்னொரு வழி. இதில் கேள்விதான் முக்கியம். 'வேலை எப்படி இருக்கிறது?' என்றால், 'ஏதோ போகிறது' என்பார். 'நேற்று காலை வந்ததிலிருந்து கிளம்பும் வரை வரிசையாக என்ன செய்தீர்கள்?' என்று கேளுங்கள். மணிவாரியாகச் சொல்ல வைத்துவிட்டால் அந்த வேலை உங்கள் முன்னால் நிர்வாணமாக நிற்கும். சில நாள் செய்து பார்ப்பது எல்லாவற்றிலும் உறுதியான வழி, சந்தேகமில்லை. ஆனால் எல்லா வேலைக்கும் அப்படி நுழைய முடியாது. விமானியாக ஒரு வாரம் இருந்து பார்க்கிறேன் என்று யாரிடம் கேட்பது? முடிந்த இடத்தில் செய்து பாருங்கள், முடியாத இடத்தில் கேளுங்கள்.

பிடித்த வினையை எங்கே வைப்பது

வினை தெரிந்தபின்தான் உண்மையான முடிவு வருகிறது. அதை வேலைக்கு நடுவில் வைக்கலாம், பக்கத்தில் வைக்கலாம், வேலைக்கு வெளியே வைக்கலாம், அல்லது இருக்கிற வேலைக்குள்ளேயே கொஞ்சம் இடம் பிடித்துக் கொடுக்கலாம்.

பிடித்ததையே தொழிலாக்கு என்பதுதான் எல்லோரும் சொல்வது. என் நண்பன் ஒருவன் அதைத்தான் செய்தான். அவனுக்குப் புகைப்படம் என்றால் உயிர். விடியும் முன் எழுந்து, நீர்நிலைக்கரையில் அசையாமல் உட்கார்ந்து, ஒரு மீன்கொத்திக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பான். நிகழ்ச்சிகளுக்குப் படமெடுக்கும் தொழிலில் இறங்கினான். ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் 2,000 படங்கள். வீட்டுக்கு வந்து அத்தனையையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கண் மூடியவர், வாய் திறந்தவர், பின்னால் யாரோ குறுக்கே நடந்தது எல்லாவற்றையும் கழித்து, 300ஆகக் குறைக்க வேண்டும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கை ஆள்காட்டி விரல் ஒரே விசையை அடித்துக்கொண்டே இருந்தது. இரவு 2 மணிக்கு 740ஆவது படத்தில் இருந்தான். அதற்கப்புறம் நிறத்தைச் சரிசெய்வது, அதற்கப்புறம் 'எங்க சித்தப்பா படம் ஒண்ணுகூட இல்லையே' என்ற தொலைபேசி, அதற்கப்புறம் மீதிப் பணத்துக்கு நாலு தடவை ஞாபகப்படுத்துவது. இதில் படமெடுப்பது எவ்வளவு? வாரத்தில் ஒரு நாள் இருக்கும். அந்த ஒரு நாளும் கூட்டத்தை அதட்டி வரிசையில் நிறுத்துகிற நாள். அவனுக்குப் பிடித்த வினை படமெடுப்பதே அல்ல. தனியாக, சத்தமில்லாமல் காத்திருப்பது.

தனியாகத் தொழில் செய்தால் பிடித்த வினையோடு விற்பது, விலை பேசுவது, கணக்கெழுதுவது, வசூலிப்பது என்று ஒரு பரிவாரமே வரும். இந்தப் பரிவாரத்தைப் பார்த்து முகம் சுளிக்காதவர்களுக்குத்தான் முதல் வழி. சம்பளத்துக்கு அதே வினையைச் செய்தால் பரிவாரம் குறையும். வேறு யாரோ விற்பார்கள், வேறு யாரோ வசூலிப்பார்கள். ஆனால் அங்கே வேறொரு வலை இருக்கிறது. நன்றாகச் செய்பவருக்குப் பதவி உயர்வு வரும். நன்றாக நிரல் எழுதியவர் குழுத் தலைவராவார். எழுதுவது போய்க் கூட்டத்தில் உட்காருவது வரும். அதனால் அந்த வேலையில் ஐந்தாறு வருடம் கழித்து இருப்பவர் என்ன செய்கிறார் என்பதையும் கேட்டுவிட வேண்டும்.

காசு வந்தால் ஆசை போய்விடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. பயத்துக்குக் கொஞ்சம் ஆதாரமும் உண்டு. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று ஆய்வாளர்கள், படம் வரைவதில் ஆசையுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் ஓய்வு நேரத்தில் வரைவது குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை. ஆனால் குழந்தைக்குக் கொடுத்த சான்றிதழும் பெரியவரின் சம்பளமும் ஒன்றல்ல. என் அனுபவத்தில் ஆசையைக் கொல்வது காசு அல்ல, அடுத்தவரின் குறிப்புப்படி, அடுத்தவரின் கெடுவுக்குள் செய்ய வேண்டியிருப்பது. இதைச் சோதிக்க ஒரு மலிவான வழி உண்டு. உங்களுக்குப் பிடித்ததை, தெரிந்த ஒருவருக்காக, அவர் சொன்னபடி, அவர் சொன்ன தேதிக்குள் செய்து கொடுங்கள். அவர் இரண்டு தடவை திருத்தம் சொல்லட்டும். மூன்றாவது தடவை உட்காரும்போதும் கை பரபரத்தால், இறங்கலாம்.

இரண்டாவது, பக்கத்தில் நிற்பது. அதே வினை, வேறு பெயர்ச்சொல். பலரும் இதை யோசிப்பதே இல்லை, ஏனென்றால் கேட்கும்போது சமரசம் மாதிரி ஒலிக்கிறது. அந்த நண்பன் இப்போது ஓர் ஆய்வகத்தில் நுண்ணோக்கியில் படமெடுக்கிறான். அறை இருட்டாக, அமைதியாக இருக்கும். செல் ஒன்று இரண்டாகப் பிரியும் வரை காத்திருக்க வேண்டும். "மீன்கொத்தியைவிட இது பரவாயில்லைடா, பறந்து போகாது" என்கிறான். வாரக் கடைசியில் இன்னும் நீர்நிலைக்குப் போகிறான். என் கதையும் இதுதான். வரிசைப்படுத்துவதும் விளங்கவைப்பதும்தான் நமக்கு வரும் என்று தெரிந்தபின், இயந்திரங்களுக்குப் பயனர் கையேடு எழுதும் வேலைக்கு மாறினேன். இலக்கியத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பொறியாளர் முன் உட்கார்ந்து, 'இந்தப் பொத்தானை அமுக்கினால் முதலில் என்ன நடக்கும்?' என்று நச்சரித்து, அவர் சொன்னதைப் படிப்படியாக அடுக்குவது வேலை. சாயங்காலம் நாவல் படிக்கிறேன், பிழை தேடாமல்.

தனியாக வைத்துக்கொள்வது மூன்றாவது. ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரோலப் 30 ஆண்டுகளுக்கு மேல் அஞ்சல் துறையில் வேலை பார்த்தார். விடியற்காலையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் என்று எழுதிவிட்டு அலுவலகம் போனார். அமெரிக்க இசையமைப்பாளர் சார்லஸ் ஐவ்ஸ் காப்பீட்டுத் தொழிலில் நன்றாகச் சம்பாதித்தார். இசையை விற்றுப் பிழைக்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் கேட்பவர் காதைப் பற்றிக் கவலைப்படாமல் எழுத முடிந்தது. கேட்கக் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் இது நடக்க இரண்டு நிபந்தனைகள் உண்டு. அந்த வேலை நேரத்துக்கு முடிய வேண்டும். வேலையில் தேயும் உறுப்பும் ஆசைக்கு வேண்டிய உறுப்பும் வேறுவேறாக இருக்க வேண்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்து எழுதுகிறவர் இரவில் கதை எழுத உட்கார்ந்தால் காலியான கிணற்றில் வாளி விடுகிற மாதிரிதான் இருக்கும். நாள் முழுக்க மரம் அறுப்பவர் எழுதிவிடலாம், உடம்பு ஒத்துழைத்தால்.

இருக்கும் வேலையையே வளைப்பது நான்காவது. ஏமி ரெஸ்னீவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 2001இல் இதைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் காட்டிய உதாரணங்களில் ஒன்று மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள். ஒரே வேலை, ஒரே சம்பளம். சிலர் சொன்னதை மட்டும் செய்தார்கள். சிலர் நோயாளியோடும் பார்க்க வந்தவர்களோடும் பேசி, வழி காட்டி, தங்களையும் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நினைத்து வேலையை விரித்துக்கொண்டார்கள். இதற்குச் செலவு இல்லை, ஆபத்தும் குறைவு. ஆனால் ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணும் இடத்தில் இது செல்லாது. எத்தனை அழைப்பை எத்தனை நொடியில் முடித்தாய் என்று பார்க்கும் வேலையில் எங்கே வளைப்பது? இன்னொன்று, இதை முதலாளிகள் சொன்னால் சந்தேகப்படுங்கள். சம்பளம் உயர்த்த மனமில்லாதவர்களுக்கு இந்தக் கருத்து ரொம்பப் பிடிக்கும்.

என்னைக் கேட்டால் வரிசை இப்படி. ஏற்கெனவே வேலையில் இருப்பவர் முதலில் வளைத்துப் பார்க்கலாம். வளையவில்லை என்றால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடலாம். தனியாக வைப்பது குடும்பப் பொறுப்பு அதிகமுள்ளவருக்கும், அடுத்தவர் சொல்லித் திருத்துவதைத் தாங்க முடியாத கலை கையில் உள்ளவருக்கும். பிடித்ததையே தொழிலாக்குவதைக் கடைசியில்தான் வைப்பேன். அது மோசம் என்பதற்காக அல்ல. நான்கில் அது ஒன்றுதான் கைவிட்டுப்போனால் வேலையோடு ஆசையையும் எடுத்துக்கொண்டு போகும்.

இதையெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சந்தோஷம் கட்டாயம் என்றும் சொல்ல மாட்டேன். விருப்பமும் வேலையும் பொருந்துவதற்கும் வேலைத் திருப்திக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 100க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 2020இல் வெளியான அந்தத் தொகுப்பில் கிடைத்த தொடர்பெண் சுமார் 0.19. தொடர்பே இல்லை என்றால் 0, முழுத் தொடர்பு என்றால் 1. அதாவது தொடர்பு உண்டு, ஆனால் மேலதிகாரி, கூட இருப்பவர்கள், சம்பளம், போய்வரும் தூரம் எல்லாம் சேர்ந்து மீதி இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கத்துகிற மேலதிகாரிக்குக் கீழே பிடித்த வினையும் கசக்கும். அதேசமயம் விருப்பம் பொருந்தியவர்கள் வேலையை நன்றாகச் செய்கிறார்கள், அதில் நிலைத்தும் நிற்கிறார்கள் என்று 2012இல் வெளிவந்த இன்னொரு தொகுப்பாய்வு காட்டியது. அப்படியென்றால் பொருத்தம் பார்ப்பது சந்தோஷத்துக்கு உத்தரவாதம் அல்ல, தாக்குப்பிடிப்பதற்கு நல்ல அடையாளம். எனக்கு அது போதும்.

பென்சிலும் இரண்டு விளம்பரங்களும்

போன மாதம் அக்கா மகள் இரண்டு வேலை விளம்பரங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். ஒன்று கல்வி நிறுவனத்தில் பாடத்திட்ட ஒருங்கிணைப்பாளர். இன்னொன்று ஒரு மருத்துவமனையில் தரவு ஆய்வாளர். இரண்டுக்கும் நேர்காணல் முடிந்து, இரண்டிலும் கூப்பிட்டுவிட்டார்கள்.

"கல்விதான் மாமா எனக்குப் பிடிச்சது. ஆனா அம்மா ஆஸ்பத்திரி வேலைதான் பாதுகாப்புங்கறாங்க."

"ரெண்டு காகிதத்தையும் கொடு. உன் நோட்டு எங்கே?"

இரண்டு வாரமாக அவளை எழுத வைத்திருந்தேன். நோட்டில் நேரம் போனது தெரியவில்லை என்று ஆறு இடத்தில் இருந்தது; அதில் நான்கு இடம் யாருக்கோ எதையோ விளக்கிய இடம். தோழிக்குப் புள்ளியியல், பாட்டிக்குக் கைபேசி. தட்டிக்கழித்தது என்று ஐந்து இடம். ஐந்தும் யாரையோ பின்தொடர்ந்து ஞாபகப்படுத்த வேண்டிய வேலை. இதில் என்னைக் கொண்டே பிறந்திருக்கிறாள்.

பென்சிலை எடுத்து விளம்பரங்களில் வினைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடச் சொன்னேன். கல்வி நிறுவனத்தில்: ஒருங்கிணைப்பது, கண்காணிப்பது, பின்தொடர்வது, உரிய காலத்தில் முடிப்பதை உறுதி செய்வது, அறிக்கை தருவது, இந்த மாதிரி. மொத்தம் ஒன்பது வினைகளில் கற்பிப்பது என்பதே இல்லை. பாடத்தை வேறு யாரோ எழுதுவார்கள், வேறு யாரோ நடத்துவார்கள். இவள் இருவரையும் துரத்துவாள். மருத்துவமனையில்: சரிபார்ப்பது, வகைப்படுத்துவது, ஒப்பிடுவது, கண்டதை மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் விளக்குவது.

அவள் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "அப்ப ஆஸ்பத்திரிதானா?" என்றாள்.

அவசரப்படாதே என்றேன். விளம்பரத்தில் எழுதுகிறவருக்கு வினைகள் ஓசி. எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று எழுத மாட்டார். அங்கே அதே பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணின் தொடர்பு கிடைத்தது. நேற்று காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்கச் சொன்னேன். பதில்: ஆறு மணி நேரம் சரிபார்ப்பது, ஒரு மணி நேரம் கூட்டம். விளக்குவதா? மாதத்துக்கு ஒரு தடவை, அரை மணி நேரம். அதையும் பிரிவுத் தலைவர்தான் செய்வார்.

இரண்டுமே வேண்டாமோ என்று அவள் முகம் சுருங்கியது. சரிபார்ப்பதைப் பற்றி நோட்டில் என்ன இருக்கிறது என்று மறுபடி புரட்டினோம். பிடித்தது என்றும் இல்லை, தட்டிக்கழித்தது என்றும் இல்லை. 'பாட்டு கேட்டுக்கொண்டே செய்தேன்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. அது ஒன்றும் கெட்ட அடையாளம் அல்ல. கல்வி நிறுவன வேலையில் தினமும் தட்டிக்கழிக்கத் தோன்றுவதும், மருத்துவமனையில் நடுவாந்தரமாக ஒன்றும் எப்போதாவது பிடித்த ஒன்றும் கிடைப்பதும் ஒன்றல்ல.

அன்றிரவு மருத்துவமனைக்கு நாலு வரியில் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். சேர்வதற்கு முன் ஒரே கேள்வி: அந்த மாத விளக்கத்தைத் தயாரிப்பதிலும் சொல்வதிலும் புதிதாக வருபவர் பங்கெடுக்க முடியுமா? மூன்றாம் நாள் பிரிவுத் தலைவரிடமிருந்து பதில் வந்தது. அந்த அரை மணி நேரம் தனக்கே பெரிய தலைவலி என்றும், இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை என்றும், வந்து பேசலாம் என்றும் எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை போகிறாள். நோட்டையும் எடுத்துக்கொண்டு போகப்போகிறாளாம்.